எட்டிம்ஆன்லைன் சொற்பிறப்புத் தளம்: பழைய ‘ஜெயில்’ சொல்லை வைத்து ஒரு சோதனை

ஜி, ஏ, ஓ, எல். இந்த நாலு எழுத்தையும் சேர்த்து ‘ஜெயில்’ என்றுதான் வாசிக்க வேண்டும்; இன்று ‘ஜே, ஏ, ஐ, எல்’ என்று எழுதும் சொல்லின் பழைய எழுத்து இது. திருவிதாங்கூர் காலத்து ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்குபவர்கள் அதிகம் இடறும் சொல் இது. நடு எழுத்து இரண்டும் இடம் மாறினால் ‘கோல்’, அதாவது இலக்கு, ஆகிவிடும். ஸ்கேன் செய்த பக்கத்தை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு ‘இலக்குக் கண்காணிப்பாளர்’ என்று வந்தால் உடனே மூலத்தைப் பாருங்கள்.

இந்தச் சொல்லைச் சரிபார்க்க எட்டிம்ஆன்லைன் நல்ல துணை. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்தது; பார்க்கக் காசு வேண்டாம். ‘ஜே’யில் தொடங்கும் பதிவைத் திறங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

லத்தீனில் ‘கவேயா’ என்றால் கூண்டு, பொந்து. ‘கவேயோலா’ என்றால் சின்னக் கூண்டு. அது பிரெஞ்சுக்குப் போனபோது வடக்கே நார்மன் வாயில் ‘கயோல்’ என்றும் பாரிஸ் பக்கம் ‘ஜயோல்’ என்றும் பிரிந்தது. இங்கிலாந்து இரண்டையும் வாங்கிக்கொண்டது. வாய்க்குப் பாரிஸ் ஒலி பழகிவிட, சட்டத்திலும் அரசாங்கக் காகிதத்திலும் நார்மன் எழுத்து தங்கிவிட்டது. இடைக்கால ஆங்கிலத்தில் பறவைக் கூண்டுக்கும் இதே சொல்தான். போர்ச்சுகீசியத்தில் ‘கயோலா’ இன்றும் கூண்டு. சாட்சிக் கூண்டு, குற்றவாளிக் கூண்டு என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பிறப்பு சட்டென்று பிடிபடும்.

தளத்தில் காணும் ஆண்டுகளை அப்படியே நம்பி எழுதக் கூடாது. ‘1300 வாக்கில்’ என்றால் கையில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று அது. பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். நட்சத்திரக் குறி போட்ட வடிவம் எந்த ஏட்டிலும் இல்லாதது, அறிஞர்கள் ஊகித்தது. மாணவர்கள் கட்டுரையில் அந்தக் குறியை விட்டுவிட்டால் ஊகம் உண்மையாகிவிடும்.

பயன்பாட்டு வரலாற்றுக்கு இந்தத் தளம் போதாது. டப்ளின் கில்மைனம், பழைய மெல்போர்ன் சிறை இரண்டின் பெயரிலும் பழைய எழுத்து இருக்கிறது. பிரிட்டிஷ் பத்திரிகைகளோ ‘ஜே’க்கு மாறிவிட்டன. பழைய காகிதங்களில் வரும் ‘ஜெயில் டெலிவரி’ என்பது கைதிகளை எங்கோ அனுப்புவதல்ல, விடுதலையும் அல்ல. சிறையில் கிடப்பவர்களின் வழக்கை நீதிபதி விசாரித்துத் தீர்த்துச் சிறையைக் காலி செய்வது. ‘ஜெயில் ஃபீவர்’ நெரிசலில் பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சல். இவற்றுக்கு மேற்கோள்களோடு சான்று வேண்டுமென்றால் சந்தா கட்டி ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிதான் பார்க்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்துக்கு எட்டிம்ஆன்லைனில் ஒன்றும் கிடைக்காது. குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய மலையாள ஆவணங்களில் ‘துறுங்கு’ என்று கண்டால் அதுவும் சிறைதான். போர்ச்சுகீசிய ‘ட்ரோங்கோ’விலிருந்து வந்தது. ‘சிறை’க்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். காவல், அணை என்ற பொருள்களோடு பறவையின் சிறகும் அதே சொல்லுக்குள் இருக்கும்.