தோல் பையில் மூத்திர வாடை: வினிகரா, ஆப்பசோடாவா, என்சைம் திரவமா?

தோல் பையிலோ செருப்பிலோ பூனை மாதிரி ஏதாவது மூத்திரம் விட்டு வாடை ஏறிவிட்டால் எதைப் போடுவது? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு என்சைம் திரவத்துக்கு, அதாவது கறையில் தங்கிய சரக்கையே உடைத்துத் தீர்க்கும் திரவத்துக்கு. விலை கூடுதல், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அதுதான் சரிப்படும். காரணம் சாரல். சித்திரை வெயிலில் எந்த வைத்தியமும் பலித்த மாதிரியே தெரியும், ஏனென்றால் உலர்ந்து கிடக்கும் மூத்திரம் அவ்வளவாக வாடை விடாது. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், அல்லது ஐப்பசி அடைமழையில், பீரோவைத் திறந்தால் அதே வீச்சம் முகத்தில் அடிக்கும். அந்த ஈரத்தைத் தாண்டி எது நிற்கிறது என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடை போட வேண்டும்.

அதற்கு முன்னால், பொருள் தோல்தானா என்று பாருங்கள். பைக் சீட்டும் பாதி ஆபீஸ் பைகளும் ரெக்சின். அதற்கு இந்த அலசலே வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். தையல் ஓட்டை வழியாக உள்ளே ஃபோமுக்கு இறங்கியிருந்தால் மட்டும்தான் தொல்லை. தோல் என்றால் மறைவான ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேலே பூச்சு உள்ள தோல், தைரியமாக வேலை செய்யலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், நிதானம் தேவை.

வாடை ஏன் திரும்புகிறது? புது மூத்திரத்தில் நாற்றம் குறைவு. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்று ஒரு சரக்கு கூடுதலாக உண்டு. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக வாடை விடும். காயடிக்காத கடுவன் பூனையிடம் அது ரொம்ப அதிகம். தண்ணீர் ஆவியானாலும் யூரியா, உப்பு, புரதம் எல்லாம் தோலின் நாருக்குள்ளும் தையல் ஓட்டையிலும் உள்துணியிலும் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடங்கும். ஆக, வாடையை அடக்குவது வேறு, வாடைக்கான சரக்கைத் தீர்ப்பது வேறு.

வினிகர் முதல் வகை. அண்ணாச்சி கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 4 சதவீதம் அளவுக்கு அசிட்டிக் அமிலம் இருக்கும். சம அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் அம்மோனியா உடனே அடங்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் தன்னளவில் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளதுதான், அதனால் வினிகர் அதைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் உடையாத யூரியாவையும் புரதத்தையும் அது தொடுவதே இல்லை. ஆவாரம்பட்டை மாதிரிப் பட்டையில் பதனிட்ட தோலாக இருந்து, அதில் இரும்பு ஆணியோ பக்கிளோ இருந்தால் இன்னொரு வம்பு: வினிகரில் இரும்பு கரைந்து, பட்டையின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறையாகிவிடும். தோலைக் கறுப்பாக்கும் பழைய சாயமே இந்த வழியில்தான் செய்வார்கள். ஆணி அடித்த தோல் செருப்பில் வினிகரைத் தொடாதீர்கள்.

ஆப்பசோடா தோலுக்கு ஆகாது. அது காரம், தண்ணீரில் குழைத்துத் தடவினால் தோல் விறைக்கும், தையலுக்குள் போன வெள்ளைப் பொடி பிறகு வெளியே வராது. வினிகரும் சோடாவும் சேர்த்து நுரைக்க வைக்கும் வித்தையில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். மூடிய டப்பாவுக்குள் பையோடு, தோலில் படாமல், ஒரு கிண்ணத்தில் சோடாவை வைத்தால் மிச்ச வாடையைக் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். அடுப்புக்கரியும் அதையே செய்யும். மொட்டை மாடி வெயிலில் போட்டால் எண்ணெய்ப் பசை போய்த் தோல் வெடிக்கும். பிளீச்சிங் பக்கமே போக வேண்டாம், மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும்.

இனி என்சைம் திரவம். செல்லப்பிராணிக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாங்கும்போது லேபிளில் என்சைம் அல்லது (என்சைமைச் சுரக்கும்) பாக்டீரியா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; வெறும் வாசனைத் தண்ணீரும் அதே மாதிரி பாட்டிலில்தான் வருகிறது. இது புரதத்தையும் யூரியாவையும் உடைத்துத் தீர்க்கிறது, அதனால்தான் சாரலைத் தாங்குகிறது. தோலும் புரதம்தானே, அதைத் தின்றுவிடாதா என்று கேட்கலாம். பதனிட்ட தோல் லேசில் மசியாது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் என்சைம் போடுவது பெரும்பாலும் பதனிடுவதற்கு முன்னால்தான். பதனிடாத பச்சைத் தோல் கதை வேறு. வில்லுப்பாட்டுக்காரரின் உடுக்கையிலோ தவிலிலோ பூனை வேலையைக் காட்டியிருந்தால் என்சைம் வேண்டாம், வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தடவை துடையுங்கள். போர்த் தண்ணீர் ஆகாது, காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். மறைவான இடத்தில் திரவத்தைத் தொட்டு வைத்து, மறுநாள் நிறம் மாறவில்லை என்றால் தொடரலாம். பாட்டிலிலிருந்து நேராகப் பீச்சாமல் துணியில் ஊற்றி, அந்தத் துணியைக் கறை மேல் போடுங்கள். கைப்பைக்கு 30 முதல் 50 மில்லி போதும். தையலுக்குள் இயர்பட்ஸால் விடுங்கள். முக்கால்வாசி வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலே பாலிதீன் தாளைக் கட்டாயம் மூடுங்கள். ஆடிக் காற்றில் துணி சீக்கிரமே காய்ந்துவிடும், காய்ந்த என்சைம் வேலை செய்யாது. பூச்சுள்ள தோலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பூச்சில்லாததற்குக் கால் மணி நேரம் வைத்து, நிழலில் காயவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி. ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள்.

அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் துடைத்து, உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள். செய்தித்தாள் திணித்தால் மை ஒட்டும். முழுக்கக் காய்ந்ததும் லெதர் கண்டிஷனர் மெல்லிசாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் அதுவே சிக்கு வாடை அடிக்கும்.

ஏற்கெனவே டெட்டால் போட்டுத் துடைத்திருந்தால் பாக்டீரியா வகைத் திரவம் அங்கே எடுபடாது. வினிகரின் புளிப்பும் என்சைமைக் கெடுக்கும். எது பட்டிருந்தாலும் தண்ணீரில் நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே தொடங்குங்கள். பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், சூட்டில் செத்துப் போகும்.

சாரல் வரும்வரை காத்திருக்காமல் சோதிக்க ஒரு வழி உண்டு. காய்ந்த பையை, தனியாக ஒரு கிண்ணத்தில் ஈரத்துணியோடு, பாலிதீன் கவரில் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் திறந்து மோந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னொரு சுற்று.

கடுவன் பூனை தெளித்ததற்கு மட்டும் என்சைமுக்கும் முழு மார்க் போட மாட்டேன். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் லேசான கந்தக வாடை நிற்கலாம். மேலே மெத்தென்று பூனைமயிர் மாதிரி இருக்கும் ஸ்வீடு தோலிலும் தயங்குவேன், வாடை போனாலும் திட்டு நிற்க வாய்ப்பு அதிகம். ஷூவில் இன்சோலைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதிதாகப் போட்டுவிடுங்கள். பையின் அடியில் அட்டை வைத்துத் தைத்திருந்தால், தையலைப் பிரித்து அட்டையை மாற்றித் தரச் செருப்புத் தைக்கிறவரிடம் கேளுங்கள். ஊறிய அட்டை உள்ளே இருக்கிறவரை மேலே என்ன ஊற்றினாலும் வீண்.