ஆஃப்ரிஸ்கி: பழுப்பு மலையில் ஒரு விபூதிப் பட்டை

தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் ஆகஸ்ட் மாதக் குளிருக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரே அதிகம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பனி என்றால் ஃப்ரீசரைத் திறந்தால் சுவரில் ஒட்டியிருக்குமே, அது மட்டும்தான். 2024ல் இந்த நாட்டின் பெண்கள் தினமான ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமையில் வந்து மூன்று நாள் லீவு சேர்ந்ததும், இந்த முறை பனிச்சறுக்கு விளையாடும் ஸ்கீ ரிசார்ட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

இங்கிருந்து காரில் போகிற தூரத்தில் இரண்டே இடம்தான். ஒன்று ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ரோட்ஸ் என்ற குட்டி ஊருக்கு மேலே, பென் மக்டூய் மலைச்சரிவில் இருக்கும் டிஃபின்டெல். தென்னாப்பிரிக்க எல்லைக்குள்ளேயே இருப்பதால் பாஸ்போர்ட் வேலை இல்லை, ஆனால் அந்த சீசனில் பனிச்சறுக்கு உண்டா என்று போன் போட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். இன்னொன்று பக்கத்து நாடான லெசோத்தோவில் மாலூட்டி மலையில் இருக்கும் ஆஃப்ரிஸ்கி. நாங்கள் போனது அதற்குத்தான்.

ஐரோப்பாவில் சறுக்கிவிட்டு வந்த ஆபீஸ் நண்பர் ஒருவர், "அங்கே மொத்தமே ஒரு கிலோமீட்டர் சரிவுதானே, அதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நானும் கொஞ்சம் தயங்கினேன். போய்ப் பார்த்தபிறகு சொல்கிறேன், முதல்முறை போகிறவருக்கு அந்த ஒரு கிலோமீட்டரே அதிகம். நாங்கள் இரண்டு நாளும் கற்றுக்கொள்பவர்களுக்கான சின்னச் சரிவைத் தாண்டவே இல்லை. சரிவு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, காரில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். உங்களில் ஒருவர் நன்றாகச் சறுக்குபவர் என்றால் அவருக்கு இரண்டாம் நாள் மதியமே சலித்துவிடும், அவர் டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அப்படியே காஷ்மீர் குல்மார்க் போய்வரட்டும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அவர் தென்னாப்பிரிக்க விசா ஒரே ஒருமுறை நுழைவதற்கானது, லெசோத்தோவுக்குள் கால் வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது. பெற்றவர்களை அழைக்கிறவர்கள் விசா போடும்போதே இதை யோசியுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லெசோத்தோ விசாவையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக அந்த ஞாயிறு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி வீட்டில் மாரியம்மனுக்கு ஆடிக் கஞ்சி. நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம், பேச்சில் தமிழ் போய்விட்டது, கஞ்சி மட்டும் போகவில்லை. அம்மா அங்கே சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார்.

N3 நெடுஞ்சாலையில் ஏறி வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித், கோல்டன் கேட், கிளாரன்ஸ் வழியாகக் கலிடன்ஸ்போர்ட் எல்லைக்குப் போனோம். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அந்தக் கம்பெனியின் கடிதம் வேண்டும், பிள்ளைகள் இருந்தால் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தென்னாப்பிரிக்க ராண்டே செல்லும், அவர்கள் பணமான லோட்டியும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. புத்தா-புத்தே தாண்டியதும் மோட்டெங் கணவாய் ஆரம்பிக்கிறது, 2820 மீட்டர். தார் ரோடுதான், ஆனால் வெயில் படாத வளைவுகளில் தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு குதிரையில் போன ஒரு பெரியவர் எங்களைவிட வேகமாகவே போனார். பகலில் ஏறுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கடைசி வளைவு திரும்பியதும் சின்னவள் முகம் வாடிவிட்டது. நாலாபக்கமும் வெள்ளை வெளேர் என்று இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். இருந்ததோ காய்ந்த புல் படர்ந்த பழுப்பு மலை, அதன் நெற்றியில் இழுத்துவிட்ட விபூதி மாதிரி ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. இங்கே வானத்திலிருந்து விழும் பனியை நம்பிக் கடை திறக்க முடியாது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து பீரங்கி மாதிரி ஒரு மெஷினில் பீய்ச்சுகிறார்கள், துளிகள் கீழே விழுவதற்குள் உறைந்துவிடுகின்றன. மலைக்காற்று காய்ந்திருப்பதும் இதற்குத் தோது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள், மதிய வெயிலில் பனி இளகிச் சர்க்கரைப் பாகு பதத்துக்கு வந்துவிடுகிறது.

ஸ்கீ பூட்ஸ் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிமெண்டில் காலை விட்ட மாதிரி இருக்கும், கணுக்கால் மடங்காது, படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் நகர வேண்டும். சொல்லிக்கொடுத்த லெசோத்தோக்காரப் பையன் பொறுமைசாலி. சறுக்குப் பலகை இரண்டின் முன்நுனிகளையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும் என்றான். அதற்குப் பிறகு நான் மலை முழுக்க "பீட்சா, பீட்சா" என்று கத்திக்கொண்டே வந்து அவன் மேலேயே இரண்டு தடவை மோதினேன். நாற்காலியில் உட்கார்ந்து மேலே போகலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், நின்றபடியே இழுத்துக்கொண்டு போகிற லிஃப்ட்தான். வகுப்பு, லிஃப்ட், பூட்ஸ், பலகை எல்லாவற்றுக்கும் தலைக்குத் தலை சேர்த்துப் பாருங்கள், அறை வாடகையை மட்டும் பார்த்துவிட்டு பட்ஜெட் போட்டால் பர்ஸ் கிழிந்துவிடும்.

ஸ்கீ ஜாக்கெட், பேன்ட் விஷயத்தில் நான் ஏமாந்தேன். டர்பனிலேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன், தண்ணீர் இறங்கவே இறங்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள், மூன்று தடவை விழுந்ததில் பேன்ட் பின்பக்கம் சொதசொதவென்று நனைந்து, மீதி நாள் முழுக்க ஈரத்தோடே திரிந்தேன். வாடகைக்கு எடுக்கும்போது குழாயடியில் பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

உயரத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிசார்ட்டே 3050 மீட்டரில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா 2637 மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறியதால் எனக்கு முதல் ராத்திரி தலைவலி, பெரியவனுக்கு வாந்தி. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தோம், காலையில் சரியாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது, தடவலாம் என்று எடுத்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக நிற்கிறது.

நாங்கள் எடுத்தது சமையலறை உள்ள அறை. புளியோதரை தீர்ந்ததும் சோறு வடிக்கலாம் என்று அரிசி போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகியும் அரிசி நடுவில் குச்சி மாதிரி நிற்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுமாம், அப்புறம் எப்படி வேகும்? பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மறக்காமல் பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள்.

கிளம்புகிற அன்று எங்கள் டீசல் பக்கி (பிக்அப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கிளம்பவில்லை. டர்பனில் போட்ட டீசல் ராத்திரிக் குளிரில் மெழுகு கட்டிவிட்டது. தப்பு எங்களுடையதுதான், குளிருக்கு ஏற்ற டீசல் எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டும். வெயில் ஏறுகிறவரை ஒன்றரை மணி நேரம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். ஆனால் ஆறு வாரம் கழித்து, செப்டம்பரில், வான் ரீனன் பக்கம் N3 முழுக்கப் பனி கொட்டி ரோடு மூடி, ஜனங்கள் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்களே, அதை டிவியில் பார்த்தபோது எங்கள் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் கார்க் கண்ணாடியில் படிந்திருந்ததைச் சுரண்டி, உருண்டை பிடித்து, பாட்டிக்கு என்று டீ இருந்த ஃப்ளாஸ்க்கில் போட்டு இறுக்கி மூடிவைத்திருக்கிறார்கள். ஹாரிஸ்மித் பெட்ரோல் பங்கில் திறந்து பார்த்தால் கால் டம்ளர் தண்ணீர், கொஞ்சம் ஏலக்காய் வாசனையோடு. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.