எந்த யாக்கோபு?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு என்று வந்தால், எந்த யாக்கோபு என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒருவர் செபெதேயுவின் மகன், கலிலேயாக் கடலில் மீன் பிடித்தவர். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதே இயேசுவால் அழைக்கப்பட்டுப் பன்னிரு சீடரில் ஒருவரானார். சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்கவில்லை என்றதும், வானத்திலிருந்து நெருப்பை இறக்கட்டுமா என்று தம்பி யோவானோடு சேர்ந்து கேட்டாரே, அந்தக் கோபக்காரர். கி.பி. 44 வாக்கில் அரசன் ஏரோது அகிரிப்பா இவரை வாளால் கொன்றான். நம்மூர்ச் சந்தியாகப்பர் கோயில்கள் இவருக்குரியவை.

இன்னொருவர் ‘ஆண்டவரின் சகோதரர்’. இயேசு ஊர் ஊராகப் போதித்தபோது அவருடைய சகோதரர்களே நம்பவில்லை என்கிறது யோவான் நற்செய்தி. அப்புறம் பார்த்தால், எருசலேம் சபைக்கே இவர்தான் தலைவர்! யூதரல்லாத பிற இனத்தாருக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) வேண்டுமா என்ற வழக்கில், பேதுருவும் பவுலும் பேசி முடித்த பிறகு தீர்ப்புச் சொன்னவரும் இவரே. மண்டியிட்டு ஜெபித்தே முழங்கால் ஒட்டகத்துக்குப்போல் காய்த்துப்போனதாக இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஹெகெசிப்புஸ் எழுதினார். அது மிகையாக இருக்கலாம். ஆனால் கி.பி. 62-ல் தலைமைக் குரு அனனுஸ் இவரைக் கல்லெறிந்து கொல்லவைத்ததை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸே பதிவுசெய்திருக்கிறார். வேதத்துக்கு வெளியே இப்படியொரு சாட்சி முதல் யாக்கோபுக்குக் கிடையாது. புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் நிருபத்தையும் (கடிதத்தையும்) மரபு இவர் கணக்கில்தான் வைத்திருக்கிறது.