மாநிலத்தின் வேலை நிலவரம்: எந்த எண்ணைப் பார்ப்பது?

மத்திய அரசின் 2023-24 காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பில் (வீடு வீடாக மாதிரி எடுத்து வேலை நிலவரம் கேட்பது) கேரளத்தின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம். தமிழ்நாடு 3.5. மத்தியப் பிரதேசம் வெறும் 1 சதவீதம். இந்த எண்களை வரிசையாக அடுக்கி, குறைவாக இருக்கும் மாநிலம்தான் முன்னேறியது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

15 முதல் 29 வயது வரையுள்ளவர்களை மட்டும் எடுத்தால் கேரளத்தில் 29.9 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 2.6. படித்த பிள்ளை படிப்புக்கேற்ற வேலைக்காக ஓரிரு வருடம் காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். அது இல்லாத இடத்தில், கிடைத்த கூலிக்குப் போவார்கள், அல்லது அப்பாவின் நிலத்திலேயே சம்பளமில்லாமல் உழைப்பார்கள். இரண்டுமே கணக்கில் 'வேலை'தான். கேரளத்தின் எண்ணைச் சாதனையாகச் சொல்லவில்லை, அது உண்மையான வேதனை. ஆனால் 1 சதவீதத்துக்குள்ளும் வேதனை உண்டு.

சரி, அளவுகோலுக்கு வருவோம். ஒரே கணக்கெடுப்பிலேயே இரண்டு இருக்கின்றன. 'வழக்கமான நிலை' கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. துணைத் தொழிலாக 30 நாள் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் ஆகிவிடலாம். 'வார நிலை' கடந்த 7 நாட்களைப் பார்க்கிறது, அதில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும்.

தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாற்பது நாள் வேலை கிடைக்கிறது. முதல் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். மே மாதம் ஆள் வந்து வார நிலையைக் கேட்டால், வேலை கிடைத்தால் போகத் தயார் என்பவர் வேலையற்றவர் ஆகிறார். தேடவும் இல்லை, தயாராகவும் இல்லை என்றால் வேலையின்மைக் கணக்கிலேயே வரமாட்டார். 2023-24ல் நாடு முழுவதுக்கும் முதல் அளவு 3.2, இரண்டாவது 4.9 என்று வந்தது இதனால்தான். மாநிலங்களை ஒப்பிட நான் வருடக் கணக்கையே எடுப்பேன். பருவத்தின் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டுமென்றால் வார நிலைதான் சரி. 2025 முதல் அது மாதாமாதம் வருவது பெரிய உதவி.

பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) கணக்கு இன்னொன்று. மாதந்தோறும் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று அது சொல்லும். மாதிரி எடுத்து மதிப்பிட்டது இல்லை, உண்மையான பதிவு. ஆனால் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள்தான் அதில் வரும். 19 பேர் இருந்த பட்டறை இன்னொருவரைச் சேர்த்து பி.எஃப். வட்டத்துக்குள் வந்தால், பழைய ஆட்களும் புதியவர்களாகத் தெரியலாம். உருவான வேலை ஒன்றுதான். முறைசார்ந்த வேலை எவ்வளவு பரவுகிறது என்பதை அறிய இது நல்ல எண், வேலையின்மையை அறிய உதவாது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இந்தப் போட்டியிலேயே சேர்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் அது ஒரு கட்டத்தில் 60 லட்சத்தைத் தாண்டியதும் "60 லட்சம் பேர் வேலையில்லாமல்" என்று பலர் எழுதினார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவது நம் ஊர் வழக்கம். தனியார் வேலையில் இருப்பவர்களும் சீனியாரிட்டி போகக் கூடாதென்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அரசு வேலை மீதுள்ள ஏக்கத்தைத்தான் அந்தப் பதிவு அளக்கிறது.

எதை எடுத்தாலும் பக்கத்தில் இன்னொரு அட்டவணையை வைத்தே படிக்க வேண்டும்: வேலையில் இருப்பவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள்? 2017-18ல் 6.1 ஆக இருந்த நாட்டின் வேலையின்மை 2023-24ல் 3.2 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8லிருந்து 21.7 ஆக இறங்கியது. சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2லிருந்து 58.4 ஆக ஏறியது. வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்களும் இந்தச் சுயதொழில் கணக்கில்தான் வருகிறார்கள்.