கார் ஷெட்டை அறையாக்கித் தருகிறேன் என்று 2,40,000 ரூபாய் வாங்கிப்போனவர்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாராவது கார் ஷெட்டை அறையாக மாற்ற நினைத்தால் முதலில் இதைப் படியுங்கள்.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ஷெட் கீழே, மேட்டைக் குடைந்து கட்டியது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மண். அம்மாவால் இனிமேல் படி ஏற முடியாது, அதனால் ஷெட்டை அவருக்கு அறையாக்கலாம் என்று முடிவு செய்தோம். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் ஒரு கான்ட்ராக்டர் கிடைத்தார். நிறைய நட்சத்திரம், கோவையில் செய்த வேலைகளின் பளபளப்பான படங்கள்.

வந்தவர் அளவு டேப்பைக்கூட எடுக்கவில்லை. நேராகப் போய்ப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தார். "சார், ஓதம் இருக்கு. இதைச் சரி பண்ணாம பெயின்ட் அடிச்சா உங்க காசு தண்டம். பின்னாடி மண்ணைத் தோண்டி, சுவருக்கு வெளிப்பக்கம் தார் ஷீட் ஒட்டி, ஜல்லி போட்டுத் தண்ணியை வெளியே எடுத்துடணும்" என்றார். அதற்கு முன் வந்து பார்த்த இரண்டு பேரும் டைல்ஸ் நிறத்தைத்தான் பேசினார்கள். இவர் சுவரைப் பேசினார். அம்மாவிடம் "பாட்டிம்மா, ஐப்பசி மழையில நீங்க இங்கே கதகதன்னு படுத்திருப்பீங்க" என்று வேறு சொன்னார். மொத்தம் 3,20,000 என்று எழுதிக் கொடுத்தார். வெளிப்பக்க வாட்டர்ப்ரூஃபிங் அதில் தனி வரியாகவே இருந்தது. மூன்று தவணையில் 2,40,000 கொடுத்தேன்.

நோய் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

நான் வேலைக்குப் போயிருந்த நாட்களில் மண்ணில் ஒரு மண்வெட்டி விழவில்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற அடியில் பைப்புகள் விட்டிருந்தோம். அழகாக இல்லையாம், சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள்! 2009 நவம்பர் மழையில் இந்த நீலகிரி மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீரை அடைத்து வைப்பது எவ்வளவு பெரிய விபரீதம் என்று தெரியும். அதன் மேல் பிவிசி பேனல் ஒட்டிவிட்டார்கள். தரையில் பாலிதீன் ஷீட்கூட விரிக்காமல் காங்கிரீட். ஷட்டர் இருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டாமல், கார் ஏறும் சரிவின் மேலேயே ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவர்.

வடகிழக்குப் பருவமழை பிடித்த முதல் வாரமே தரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் ஊறியது. பேனலைப் பெயர்த்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. முன்சுவரில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். அம்மா இரண்டு இரவுதான் படுத்தார், இருமல் வந்துவிட்டது.

போன் செய்தால் "சைட்ல இருக்கேன் சார்". அப்புறம் "மலைன்னா ஓதம் இருக்கத்தானே செய்யும்". வாட்டர்ப்ரூஃபிங் எங்கே என்றால் "உள்பக்கமே கெமிக்கல் அடிச்சிருக்கோம்". கடைசியில் சொன்னார் பாருங்கள்: "ராத்திரி கதவைச் சாத்திட்டு ஒரு கரி அடுப்பு வைங்க, தானா காஞ்சிடும்." மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் எழுந்திருக்காமலே போனவர்கள் செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கிறது. என் அம்மா படுக்கும் அறைக்கு இந்த யோசனை! அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆப்காரர்கள் "நாங்கள் அறிமுகம் மட்டும்தான், பணம் நீங்கள் நேரடியாகக் கொடுத்தது" என்கிறார்கள். கமிஷன் வாங்கும்போது மட்டும் அறிமுகம் இல்லை போல. நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனத்தையும் காணோம். 2,40,000 ரூபாய், அம்மாவின் நகைச்சீட்டுப் பணமும் அதில் சேர்த்தி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தால் வெளிப்பக்க வேலை முடிந்து, அதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். தண்ணீர் போகும் பைப்பை யாரையும் அடைக்க விடாதீர்கள். பேனல் ஒட்டுவதற்கு முன் ஒரு மழைக்காலத்தைத் தாண்ட விடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருக்கட்டும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அதில் புகார் பதிந்துவிட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அடைத்த பைப்புகளை நாளை உள்ளூர் கொத்தனார் வந்து திறக்கிறார். அந்தக் கூலி தனி.