பைசன் கொத்துக்கறியோடு மூன்று வருடம்

முதல் தடவை நான் போட்ட பைசன் பர்கரை மகள் இரண்டு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "செருப்பு மாதிரி இருக்குப்பா" என்றாள். கறியின் மேல் குற்றமில்லை. அடுப்பைக் கூட்டி வைத்து, மாட்டுக்கறி பர்கருக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். போதாக்குறைக்குத் தோசைத் திருப்பியால் அழுத்தி அழுத்தி, இருந்த கொஞ்சநஞ்சச் சாற்றையும் பிழிந்துவிட்டேன். பவுண்டு பதினோரு டாலர் கறி. அன்றைக்கு மூன்று பேரும் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுப் படுத்தோம்.

அது 2022 அக்டோபர். அதற்கப்புறமும் விடாமல் வாரம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் இருப்பது கொலராடோவில், டென்வரை ஒட்டிய அரோராவில். இங்கே சாதாரண மளிகைக் கடையிலேயே மாட்டுக்கறிக்குப் பக்கத்து அடுக்கில் பைசன் கொத்துக்கறி இருக்கும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பாக்கெட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் ஏழேகாலுக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்தாக வேண்டும். ஆட்டுக் கொத்துக்கறி வேண்டுமென்றால் இருபது நிமிடம் வண்டி ஓட்ட வேண்டும், வந்து குக்கரில் வைத்தாலும் சட்டென்று வேகாது. டர்க்கி, அதாவது வான்கோழிக் கொத்துக்கறிக்குச் சொந்தமாக ஒரு ருசி கிடையாது, நாம் போடுகிற மசாலாதான் அதன் ருசி. பைசன் வாணலியில் எட்டே நிமிடத்தில் வெந்துவிடுகிறது. நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அந்த எட்டு நிமிடம்தான் காரணம். ஆரோக்கியம் அது இது எல்லாம் அப்புறம் தானாக வந்து சேர்ந்த லாபம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். "பைசன்னா நம்ம கொடைக்கானல் ரோட்டுல வந்து நிக்குமே, அதையாடா திங்கிற?" என்று அம்மா போனில் பதறிவிட்டாள். எங்களுக்கு ஊர் வத்தலக்குண்டு. அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பைசன் என்றால் மலையில் திரியும் காட்டெருமைதான். அது வேறு விலங்கு, கௌர் என்பார்கள், இந்தியாவில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இங்கே விற்பது வட அமெரிக்கச் சமவெளியின் பைசன், பண்ணையில் வளர்ப்பது. இந்த ஊர்க்காரர்கள் இதைப் பஃபலோ என்றும் சொல்வார்கள். அதற்காக நம்மூர் எருமை என்று நினைத்துவிடக் கூடாது, எருமை வேறு கிளை. பஃபலோ விங்ஸ் என்று கடையில் கிடைப்பதோ கோழி, அந்தப் பெயர் நியூயார்க் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயர். போதும்.

அடுத்த கேள்வி இன்னும் நெருடலானது. இது மாட்டுக்கறியா? வீட்டுக்கு வருகிற நண்பர்களில் மாட்டுக்கறி தொடாதவர்கள் உண்டு. உயிரியல்படி இது வேறு இனம். ஆனால் பசுவோடு சேர்ந்தால் கன்று போடும் அளவுக்கு நெருங்கிய சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பைசன் அழியப் பார்த்தபோது சில பண்ணைக்காரர்கள் பசுக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். அதனால் இன்றைய மந்தைகள் பலவற்றில் கொஞ்சம் மாட்டு ரத்தம் கலந்திருக்கிறது. ஆகவே "இது மாடே இல்லை, தாராளமா சாப்பிடுங்க" என்று நான் யாருக்கும் பரிமாறுவதில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவேன். போன வருடம் ஒரு நண்பர் சாப்பிட்டார், அவர் மனைவி ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சரி, கறிக்கு வருவோம். பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணில் படுவது நிறம். மாட்டுக் கொத்துக்கறியைவிட அடர்ந்த சிவப்பு, பீட்ரூட் பக்கம் போகும். ருசி மாட்டுக்கறிக்கு நெருக்கம், லேசான இனிப்பு, ஆட்டுக்கறியின் கவிச்சி இல்லை. நான் வாங்குவதில் 90/10 என்று போட்டிருக்கும், அதாவது நூற்றுக்குப் பத்துப் பங்கு கொழுப்பு. வாணலியில் எண்ணெய் பிரிந்து மிதக்காது. வடித்து ஒரு டப்பாவில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடுகிற வேலையும் மிச்சம். ஆனால் காய்ந்துபோவதற்கும் அதுதான் காரணம். புல் மட்டுமே தின்று வளர்ந்ததென்று எழுதியிருக்கும் பாக்கெட் இன்னும் மோசம், அதில் கொழுப்பு இன்னும் குறைவு. எல்லாப் பைசனும் புல்லிலேயே வளர்ந்தது என்று நானும் முதலில் நம்பினேன். இல்லை, கடைசி மாதங்களில் தானியம் கொடுத்துக் கொழுக்க வைப்பது இதிலும் உண்டு. வார நாள் அவசரத்துக்குத் தானியம் தின்றதே மேல், தப்பு செய்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவதற்கு மட்டும் பைசனுக்கு இங்கே அனுமதியே இல்லை.

கெட்ட பர்கருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது மூன்று விஷயம். தீ மிதமாக இருக்க வேண்டும், கறி விழுவதற்கு முன்பே சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருக்க வேண்டும். இது ஒன்று. இரண்டாவது சமையல் சோடா. ஒரு பவுண்டு கறிக்குக் கால் டீஸ்பூன் சோடாவை ஒரு மேஜைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்தால், கறி சட்டியில் தண்ணீர் விட்டுக் கூழாகாமல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெங்காயம் நறுக்குகிற நேரம்தான் அந்தப் பதினைந்து நிமிடம். ஒரு தடவை கை தவறி அரை ஸ்பூனுக்கு மேல் விழுந்து, டாக்கோ, அதாவது கறி வைத்து மடித்த ரொட்டி, முழுக்கச் சோப்பு வாடை. அளவில் விளையாடாதீர்கள்.

மூன்றாவது, சமையல் தெர்மாமீட்டர். கொத்துக்கறியை ஸ்டேக் என்கிற முழுத் துண்டுக் கறி மாதிரி நடுவில் சிவப்பாக விடக் கூடாது. அரைக்கும்போது மேலே இருந்த கிருமி உள்ளே வரை கலந்துவிடுகிறது. நடுப்பகுதி 160 டிகிரி பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது இங்கே அரசு சொல்லும் கணக்கு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். நான் பல நாள் சிவப்பு தெரிகிறதே என்று பயந்து கூடுதலாக ஐந்து நிமிடம் வைத்துத்தான் கறியைக் கெடுத்திருக்கிறேன். கருவி 160 காட்டியதும் அடுப்பை அணைக்கப் பழகிய பிறகு செருப்புப் புகார் வரவில்லை.

எங்கள் வீட்டில் நிலைத்துப்போன சமையல் என்றால் பச்சை மிளகாய் போட்டதுதான். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து இங்கே சாலையோரங்களில் மிளகாய் சுடுவார்கள். கம்பிவலை உருளைக்குள் மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாயைக் கொட்டி, கேஸ் தீயைப் பீய்ச்சிவிட்டுச் சுற்றுவார்கள். தோல் கறுத்து வெடித்துச் சடசடவென்று உதிரும். சூடு ஆறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையில் கொடுப்பார்கள். வீடு வந்து சேரும்வரை கார் முழுக்க அந்தப் புகை வாசனைதான். நான் வாங்குவது பியூப்லோ மிளகாய், மாநிலத்தின் தெற்கே அதே பெயருள்ள ஊர்ப் பக்கம் விளைவது. சதைப்பிடிப்பானது, காரம் நம் ஊசி மிளகாய் அளவுக்கு இல்லை. தோலை உரித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீஸரில் போட்டால் மார்ச் வரை வரும்.

செவ்வாய்க்கிழமை செய்வது இதுதான்: இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கிப் போட்டு, ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுவேன். அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, கொஞ்சம் சீரகத்தூள். பிறகு சோடா பிசறிய கறி. அதை ஒரு நிமிடம் தொடாமல் விட வேண்டும், அடி சிவந்தால்தான் ருசி. அப்புறம் உடைத்துவிட்டு, சிவப்பு பாதி போனதும் நறுக்கிய சுட்ட மிளகாயும் உருளைக்கிழங்கும் உள்ளே. கால் கப் தண்ணீர் தெளித்து மூடி இரண்டு நிமிடம். டோர்ட்டில்லா என்கிற மெல்லிய மக்காச்சோள ரொட்டியை நேரடித் தீயில் வாட்டி அதில் வைத்துச் சாப்பிடுவோம். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். சமைக்கும்போது கொஞ்சம் ஈரத்தோடு இருந்தால் இந்தக் கறி தன் குணத்தைக் காட்டும், வறட்டு வறுவலாக்கினால் கோபித்துக்கொள்ளும்.

சில்லி பற்றிச் சொல்ல வேண்டும். மிளகாய் இல்லை, பீன்ஸும் கறியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும் அந்தக் கெட்டிக் குழம்பு. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். தண்ணீர் இங்கே 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் பீன்ஸ் வேக வெகுநேரம் ஆகும். முதல் குளிர்காலத்தில் ஊறவைத்த பின்டோ பீன்ஸைத் திறந்த பாத்திரத்தில் ஏற்றிவிட்டு இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமையே பிரஷர் குக்கரில் வேகவைத்து எடுத்து வைத்துவிடுகிறேன். ஆனால் சில்லிக்குப் பைசன் தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. மிளகாய்த்தூளும் தக்காளியும் அதன் மெல்லிய இனிப்பை அமுக்கிவிடுகின்றன. அந்த விலைக்கு அது அநியாயம்.

நம்மூர்க் கொத்துக்கறிக்கும் இதே பிரச்சினைதான். பட்டை, கிராம்பு, சோம்பு, தேங்காய் என்று முழு மசாலா அரைத்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எந்தக் கறி என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது சின்ன வெங்காயம், இடித்த மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, அவ்வளவுதான். கோலா உருண்டை இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் தோல்வி. பொட்டுக்கடலை மாவு கறியில் இருந்த ஈரத்தையும் குடித்துவிட்டு, உருண்டை கோலிக்குண்டாக வந்தது. அந்தப் பக்கம் இனி போவதாக இல்லை. பாஸ்டாவுக்குப் போடும் மீட்பாலில் பாலில் ஊறிய ரொட்டித்துண்டு போடுவதால் தப்பிக்கிறது. குடமிளகாய்க்குள் சோற்றோடு திணித்து ஓவனில் வைப்பதும் பரவாயில்லை, ஆனால் வார நாளுக்கு நேரம் ஒத்துவராது.

பர்கர் இப்போது நன்றாக வருகிறது. துருவிய வெங்காயம் ஒரு பிடி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, திருப்புவது ஒரே ஒரு தடவை. தோசைத் திருப்பியை அழுத்தவே மாட்டேன்.

சேமித்து வைப்பதில் ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கிய கொத்துக்கறியை ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், ஃப்ரீஸரில் மூன்று நான்கு மாதம் ருசி குறையாமல் இருக்கும். மறந்துபோய் சாயந்திரம்தான் எடுக்கிறீர்கள் என்றால், பாக்கெட்டோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். 2023 ஜூலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் பத்துப் பவுண்டு வரவழைத்தேன். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது, ஐஸ் முழுக்க உருகி, கறி வெதுவெதுப்பாகக் கிடந்தது. அப்படியே குப்பைக்குப் போனது. பணம் திரும்ப வர மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கடைக்கு நேரில் போய்த்தான் வாங்குகிறேன்.

விலை இப்போது பவுண்டுக்குப் பதின்மூன்று டாலரைத் தொட்டுவிட்டது. இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் ஒரு வருடம் முழுக்க அறுக்கப்படும் பைசன்களைவிட ஒரே நாளில் அறுக்கப்படும் மாடுகள் அதிகம். பைசன் முதல் கன்று போடவே மூன்று வயதாகும். அதனால் வாரத்துக்கு ஒரு பாக்கெட், கறியின் ருசி தெரிகிற சமையலுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். மற்ற நாளுக்கு முட்டையும் பருப்பும் இருக்கின்றன.

டென்வரிலிருந்து மேற்கே மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில், ஜெனிசி பூங்காவில் நகராட்சியே ஒரு பைசன் மந்தையை வைத்திருக்கிறது. 1914 முதல் அங்கே இருக்கிறது, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வழி வந்த மந்தை. கோடிக்கணக்கில் இருந்த விலங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்த பிறகு, மிஞ்சியதைக் காப்பாற்ற ஆரம்பித்த காலத்தில் வந்தது. 2021 முதல் உபரி பைசன்களை ஏலம் விடாமல் பழங்குடி மக்களின் மந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். 'சாப்பிட்டால்தான் பைசன் பிழைக்கும்' என்று பண்ணைக்காரர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு சாப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பசிக்கிறது, ருசியாக இருக்கிறது, சாப்பிடுகிறேன்.

போன மாதம் அங்கே வண்டியை நிறுத்தினோம். வேலியை ஒட்டி ஒரு தாயும் செம்பழுப்பு நிறக் கன்றும் நின்றன. 2016இல் இதை நாட்டின் தேசியப் பாலூட்டியாக அறிவித்ததைப் பள்ளியில் படித்திருக்கிறாள் மகள். கன்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நாம சாப்பிடுறது இதைத்தானேப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. அன்று ராத்திரி பருப்பு சாதம், அடுத்த வாரமும் பருப்பு சாதம்தான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள் பையை இறக்கிக்கொண்டே, "உருளைக்கிழங்கு போட்டது பண்ணுப்பா" என்றாள். பாக்கெட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன்.