மூன்று மீட்டர் பட்டிங் மேட்: வாங்கலாம், ஆனால் மரச்சட்டத்தைக் கழற்றிவிடுங்கள்

சேலத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் பழக நினைப்பவருக்கு முதல் தடை தூரம்தான். ஒழுங்காகப் பராமரித்த கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளத்தில், கால் வைக்கக் கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். மலைமேல் ஆட வேண்டுமென்றால் ஊட்டி, கொடைக்கானல். வாராவாரம் ஆகிற காரியமில்லை. நல்ல வேளையாக, ஆட்டத்தின் ஒரு பெரிய பகுதியை வீட்டு ஹாலிலேயே பழகிவிடலாம். பார் 72 என்று, அதாவது 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்கலாம் என்று, ஒரு மைதானத்தைச் சொல்லும்போது, குழிக்கு இரண்டு பட் (பந்தைத் தரையோடு உருட்டும் அடி) வீதம் 36 அடிகளை கிரீனுக்கென்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது சரிபாதி.

இந்தப் பாதியைப் பழகவென்று இணையக் கடைகளில் பல பெயர்களில், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரு மேட் விற்கிறார்கள். மூன்று மீட்டர் நீளம், ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், வெல்வெட் போன்ற பச்சைத் துணி, அடியில் ரப்பர், கடைசியில் சரிவாக ஏறும் மரச்சட்டம். சட்டத்தில் இரண்டு குழிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பக்கத்தில் ஒரு வாய்க்கால். குழியில் விழுந்த பந்து அதன் வழியே காலடிக்கே உருண்டு வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் விலை. திசை பழக இது அருமையான பொருள். தூரம் பழக இதை நம்பினால் கை கெட்டுப்போகும். இரண்டுக்கும் காரணம் உண்டு.

கெடுதலை முதலில் பார்த்துவிடலாம். பந்து தானாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக மேட்டின் கடைசிப் பகுதியை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த ஏற்றம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு வேகமான கிரீனில், அந்த 4 செ.மீ. உயரம் ஏறத் தேவைப்படும் வேகம் சமதளத்தில் பந்தை இன்னும் அரை மீட்டர் ஓட்டிவிடும். ஆக, இந்த மேட்டில் குழியின் விளிம்பில் வந்து சோர்ந்து விழுகிற பந்து, நிஜ கிரீனில் குழியைத் தாண்டி அரை மீட்டர் போயிருக்கும். பின்பலகையில் இடித்துக் குழியில் விழுகிற பந்து அதற்கும் மேலே. ஆனால் மேட் அதையும் 'விழுந்துவிட்டது' என்றே கணக்கில் சேர்க்கிறது. ஒரு மாதம் இப்படிப் பழகியவர் மைதானத்துக்குப் போனால் முதல் பட்டே குழியைக் கடந்து ஓடும். குழியைத் தாண்டி ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடியில் பந்து நிற்கிற வேகம்தான் கற்க வேண்டிய வேகம். அதைவிட வேகமாக வரும் பந்து குழியின் ஓரத்தில் பட்டால் சுழன்று வெளியேறும்.

தீர்வு எளிது. மரச்சட்டத்தைக் கழற்றி மூலையில் வையுங்கள். கெட்டி அட்டையில் வேண்டாம், சாதாரணத் தாளில் 108 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். கோல்ஃப் குழியின் அளவு அதுதான். அதை அடிக்கும் இடத்திலிருந்து 2.4 மீட்டரில் மேட்டோடு படிய ஒட்டினால், பந்து தாண்டிப்போய் நிற்கவும் பின்னால் இடம் மிஞ்சும். பந்து வட்டத்தின் மேல் உருண்டுபோய் ஒரு அடி தாண்டி நின்றால் அது நல்ல பட். இப்போது திசை, வேகம் இரண்டுக்கும் ஒரே அடியில் பதில் கிடைக்கிறது. பந்தைக் குனிந்து எடுக்க வேண்டியிருக்கும், அது உண்மை. ஆனால் அப்படி எடுத்துவந்து அடுத்த அடிக்குப் புதிதாக நிற்கும்போதுதான் நிற்கும் முறை பழக்கமாகிறது. காலடிக்குத் தானே வரும் பந்தை இயந்திரம்போல் தட்டிக்கொண்டிருப்பதில் பாடம் ஒன்றும் இல்லை.

மேட் வந்தவுடன் அடிக்க ஆரம்பிக்கக் கூடாது. சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் வந்ததால் குறுக்கே மடிப்புகள் இருக்கும். மெதுவாக வரும் பந்து அதில் ஏறி இறங்கித் திசை மாறும். எதிர்ப்புறமாகச் சுருட்டி இரவு முழுக்க வைத்து, மறுநாள் காலை இளவெயிலில் மொட்டை மாடியில் அரை மணி விரித்தால் பெரும்பாலும் படிந்துவிடும். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் விரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அடியிலுள்ள ரப்பர் இளகித் தரையோடு ஒட்டும், ஓரங்கள் நெளியும்.

அடுத்தது தரை. நம் வீடுகளில் கழுவிவிடும் தண்ணீர் வடிய வேண்டும் என்று கொத்தனார் தரைக்கு ஒரு வாட்டம் கொடுத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். குறுக்கு வாட்டம் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. இருந்தாலே, மூன்று மீட்டர் ஓடும் பந்து குழியின் விளிம்புக்கு வெளியே போய்விடும். ரசமட்டத்தை மேட்டின் குறுக்கே மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். ஹாலில் சரியாக வரவில்லையென்றால் படுக்கையறையில் பாருங்கள். கழுவிவிடாத அறையில் வாட்டம் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. இதைச் சோதிக்காமல் பழகுபவர், தரையின் குற்றத்தைக் கையின் குற்றமாக எண்ணித் தன் அடியைக் கோணலாகத் திருத்திக்கொள்வார்.

துணிக்கும் ஒரு சாய்வு உண்டு. உள்ளங்கையால் ஒரு பக்கம் தடவினால் வெளுத்து மினுங்கும், மறுபக்கம் தடவினால் கறுத்துப்போகும், வெல்வெட் ரவிக்கைத் துணி மாதிரி. மயிர் சாய்ந்திருக்கும் திசையில் பந்து வேகமாக ஓடும், எதிராக அடித்தால் சீக்கிரம் நிற்கும். இதைக் குறையென்று தள்ள வேண்டாம். வெப்பநாட்டு கிரீன்களில் வளர்க்கிற பெர்முடா புல் வேறெதுவுமில்லை, நம் அறுகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்லை மூன்று, நான்கு மி.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். தரையோடு படர்கிற குணம் அதற்கு இருப்பதால் புல்லின் சாய்வு பந்தை இழுக்கும். நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது புல் மினுங்கினால் சாய்வு உங்களுக்கு முன்னோக்கி, பந்து வேகமாகப் போகும்; கறுத்துத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டும். மேட்டை வாரம் ஒருமுறை முனை மாற்றிப் போட்டால் இந்தப் பாடம் இலவசம்.

எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று அளந்து பார்க்கவும் வழி உண்டு. கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவி இருக்கிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கியது. 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி அலுமினியத்தில் செய்தது. மூன்றடி நீளச் சட்டம், நடுவே ஒரு பள்ளம். ஒரு முனையைத் தூக்கினால் சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானே விடுபட்டு இறங்கும்; கிரீனில் அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே வேகத்தின் எண். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் மூன்றடி அலுமினிய எல்-ஆங்கிள் வாங்கி இதையே செய்யலாம், ஒரு எச்சரிக்கையோடு. அசல் கருவியின் பள்ளம் 145 டிகிரி விரிந்தது, எல்-ஆங்கிள் 90 டிகிரி. பந்து அதில் ஆழமாக உட்கார்ந்து, அதிகம் சுழன்று, மெதுவாக இறங்கும். அதனால் வரும் எண்ணை மைதானத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது. உங்கள் மேட்டில் இந்தத் திசைக்கும் அந்தத் திசைக்கும், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் ஒப்பிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் ஆங்கிளின் ஒரு முனையை ஒரே புத்தக அடுக்கின் மேல் வைத்து, ஒரே குறியிலிருந்து பந்தை விடுங்கள், திசைக்கு மூன்று பந்து. மேட்டைத் தாண்டி ஓடினால் அடுக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த மேட் எதில் வல்லது என்று பார்ப்போம். பட்டில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. மூன்று மீட்டரில் இருக்கும் குழிக்குப் பந்து நடுவிலிருந்து ஒரு டிகிரி விலகினால் 52 மி.மீ. தள்ளிப்போகும். குழியின் பாதி அகலமோ 54 மி.மீ. அவ்வளவுதான் இடம். இவ்வளவு நுணுக்கமான பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதைக் காட்ட ஒரு வாசல் வேண்டும்.

கேரம் காய்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பந்திலிருந்து 50 செ.மீ. முன்னால், இரண்டுக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். பந்தின் விட்டம் 42.67 மி.மீ. என்பதால் பக்கத்துக்கு மூன்றரை மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும். காயைத் தொடாமல் போகும் பந்து, வேகமும் சரியாக இருந்தால், சமதளத்தில் மூன்று மீட்டர் குழிக்குள் போயே தீரும். இடது காய் திரும்பத் திரும்ப அசைகிறதா? வலது கைக்காரருக்கு மட்டை முகம் மூடுகிறது என்று பொருள். ஒன்று பந்து இடது காலுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது தொடும் கணத்தில் இடது மணிக்கட்டு மடிகிறது. வலது காய் என்றால் பந்து மிகவும் பின்னால், வலது கால் பக்கம் இருக்கலாம், தோள்கள் வலப்பக்கம் திரும்பியிருக்கலாம். பந்துக்கான இடம் இரு பாதங்களின் நடுவிலிருந்து ஒரு பந்தளவு முன்னால், அதாவது குழியின் பக்கம். இந்த வாசலைப் பத்துக்கு எட்டு தாண்டும் வரை இடைவெளியை 55, 60 என்று அகலமாக வைத்து ஆரம்பிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மேட்டில் அச்சிட்ட கோட்டை நம்புவதற்கு முன் கொத்தனார் நூலை இழுத்துப் பிடித்து ஒத்துப்பாருங்கள். கோடு துணியோடு சேர்ந்து வளைந்திருப்பது இந்த வகைப் பொருளில் சாதாரணம். வளைந்திருந்தால் நூலையே இரண்டு பென்சிலில் கட்டிப் பந்துக்குச் சற்று மேலே நீட்டிவிடுங்கள். நின்று குனிந்து பார்க்கும்போது நூல் பந்தின் நடுவை மறைத்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது. மூக்குத்தண்டிலிருந்து இன்னொரு பந்தை விட்டுப் பார்க்கலாம்: கீழிருக்கும் பந்தின் மேலோ, அதற்குச் சற்றே கால் பக்கமோ விழ வேண்டும். பந்துக்கு அப்பால் விழுந்தால் அதிகம் குனிகிறீர்கள்.

பந்தில் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, அதை நூலுக்கு நேராக வைத்து அடியுங்கள். மட்டையின் நடுவில், முகம் நேராகப் பட்டால் அந்தக் கோடு உருளும்போது ஒரே கறுப்புப் பட்டையாக நிற்கும். ஓரத்தில் பட்டாலோ முகம் திரும்பியிருந்தாலோ, ஓயப்போகும் பம்பரம்போல் தலையாடும். முதல் ஒரு சாணில் பந்து துள்ளினால் கைகள் பந்துக்குப் பின்னால் தங்குகின்றன. பட்டர் என்கிற இந்த மட்டையின் முகத்திலேயே மூன்று, நான்கு டிகிரி சாய்வு இருக்கிறது; கை பின்தங்கினால் அது கூடிப் பந்தைத் தூக்கிவிடும். பிடி இறுகாமல், தோள்கள் ஊசலாட, பின்னால் போகும் நேரத்தில் பாதி நேரத்தில் முன்னால் வந்து தொட வேண்டும். பெரிதாகப் பின்னிழுத்துவிட்டுப் பயந்து தொடும்போது நிறுத்துவதுதான் புதியவர்களிடம் அதிகம் தெரியும் குற்றம்.

தூரத்துக்கு, சட்டம் இல்லாத மேட்டுக்குக்கூட நீளம் போதாது. பவானி ஜமுக்காளம் வீட்டில் இருந்தால் சுருக்கமில்லாமல் விரித்து, வண்ணப் பட்டைகள் குறுக்கே வரும்படி போடுங்கள். நெசவு முரடு, பந்து மெதுவாகத்தான் ஓடும். ஆனாலும் முதல் பந்து இந்தப் பட்டையில், அடுத்தது அதற்கடுத்த பட்டையில் என்று ஏணிபோல் நிறுத்திப் பழகினால், கைவீச்சின் நீளத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு கைக்குப் பிடிபடும். குழி வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு 'குறைவு, கூடுதல்' என்று சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள்.

சில மேட்டுகளோடு ஒரு பட்டரும் பிளாஸ்டிக் பந்துகளும் இலவசமாக வரும். பந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். எடை குறைந்த பந்தில் வேகம் பழக முடியாது. அசல் பந்து 46 கிராமுக்குச் சற்றே குறைவு, பழைய பந்தே போதும். பட்டரில் நீளம் பாருங்கள். கடைகளில் பெரும்பாலும் 34, 35 அங்குலம். ஐந்தடி நான்கு, ஐந்து அங்குல உயரமுள்ளவருக்குக் கைப்பிடி வயிற்றில் இடிக்கும். 33 அங்குலம் கிடைத்தால் எடுங்கள்.

ஏற்காட்டில் வீடோ எஸ்டேட் பங்களாவோ வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. சிவப்புத் தரைத் தாழ்வாரம் மேட் விரிக்கத் தோதான நீளம்தான். ஆனால் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியில் துணி ஈரம் பிடித்துப் பந்து கனத்து ஓடும், மரச்சட்டம் மரத்தூள் பலகையாக இருந்தால் ஓரத்தில் உப்பும், சுருட்டி வைத்த மேட்டில் பூஞ்சை வரும். பழகி முடித்ததும் துணி வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, தரையில் சாய்க்காமல் அலமாரி மேல் படுக்கவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேலத்துக்குக் கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சட்டம் தனியாகக் கழலுமா, மேட் ஒரே துண்டா அல்லது நடுவில் இணைப்பு உண்டா, மடிப்பு போகாவிட்டால் திருப்பி எடுப்பார்களா. இணைப்பு உள்ளதென்றால் வேண்டாம். எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தாலும், வேகம் தணிந்து வரும் பந்து அந்த இடத்தில் ஒரு முறை தயங்கித் திரும்பும்.